வரப்புக்கு வெளியே யார் துணை?

பட்டிமன்றத் தலைப்பு: இன்றைய உழவனுக்குப் பெரிதும் கைகொடுப்பது தலைமுறை அனுபவமா? கைபேசித் தொழில்நுட்பமா?
(‘கைபேசித் தொழில்நுட்பமே’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னாலே பேசின பேராசிரியர் ஐயா ரொம்ப அழகா ஒரு கேள்வி கேட்டார். “செல்போன் சேற்றிலே இறங்குமா? நாற்று நடுமா? களை பறிக்குமா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஐயா, நான் ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போது உங்க சட்டைப் பையிலே அப்பப்ப ஒண்ணு ‘கிர்ர்... கிர்ர்’னு துடிச்சுக்கிட்டே இருந்துச்சே, அது என்ன? அனுபவமா? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அது அவங்க வீட்டம்மாவா இருக்கும்மா. அவருக்கு அனுபவமும் அதுதான், செல்போனும் அதுதான்! (பலத்த சிரிப்பு)

ஐயா, செல்போன் சேற்றிலே இறங்காது. இறங்கினா ரிப்பேருக்குத்தான் போகும். அது களை பறிக்கும்னு எங்கள் அணி சொல்லவே இல்லை. நாங்க கேட்கிறது வேற. ஒரு விவசாயி எங்கே ஜெயிக்கிறான், எங்கே தோற்கிறான்? அதை முதல்ல பார்ப்போம்.

வரப்புக்கு உள்ளே அவன் ராஜா. ஒரு கை மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்து ஈரம் சொல்லுவான். இலை வெளுத்திருந்தா என்ன குறைன்னு தூரத்திலிருந்தே சொல்லுவான். அந்த அறிவு எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காது. அந்த அனுபவத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனா நடுவர் அவர்களே, நம்ம விவசாயி தோற்கிறது வரப்புக்கு உள்ளே இல்லை. வரப்புக்கு வெளியே! சந்தையிலே தோற்கிறான். வானத்துகிட்டே தோற்கிறான். கரண்ட்டுகிட்டே தோற்கிறான். அங்கே எல்லாம் பாட்டன் அனுபவம் கூட வராது. வேற ஒரு துணை வேணும். அந்தத் துணைதான் இந்தக் கையகலக் கருவி! (கைதட்டல்)

முதல்ல சந்தைக்கு வாங்க.

எங்க அப்பா தக்காளி போடுறவர். விடியறதுக்கு முன்னாலே பறிச்சு, பெட்டி கட்டி, வேனிலே ஏத்தி அனுப்புவார். சாயங்காலம் ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டிலே என்ன எழுதியிருக்கோ அதுதான் விலை. கேள்வி கிடையாது, முறையீடு கிடையாது. நாற்பது வருஷ அனுபவம் அவருக்கு! நேற்றைய விலை தெரியும். போன வருஷ விலை தெரியும். இன்னிக்கு இருபது மைல் தள்ளி இருக்கிற சந்தையிலே என்ன விலை? அது தெரியாது. எப்படித் தெரியும்? அனுபவத்துக்குக் கண் முதுகிலே, நடுவர் அவர்களே. நடந்து வந்த பாதை முழுக்கத் தெரியும். எதிரே வர்ற லாரி தெரியாது! (பலத்த கைதட்டல்)

இது ஏதோ எங்க வீட்டுக் கதைன்னு எதிரணி ஒதுக்கிடக் கூடாது. அதனாலே பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு கணக்குக் கொண்டு வந்திருக்கேன். கேரளா. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டக் கடற்கரைகள். மீனவரைச் சொல்றாளேன்னு பார்க்காதீங்க. வயலிலே விளையறதும் சீக்கிரம் அழுகும், கடலிலே கிடைக்கிறதும் சீக்கிரம் அழுகும். இரண்டு பேர் கஷ்டமும் ஒண்ணுதான்.

1997-ஆம் வருஷம், ஜனவரி 14. நம்ம ஊர்லே பொங்கல் நேரம். வடகரைங்கிற கரையிலே காலையிலே பதினொரு மீனவர்கள் மத்தி மீனோடு வந்து நிற்கிறாங்க. வாங்க ஆள் இல்லை. மீன் மொத்தமும் வீணாப் போகப் போகுது. அதே நேரத்திலே, அந்தக் கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்ளே மற்ற கரைகள்லே இருபத்தேழு பேர் மீன் வாங்கக் காத்திருந்து, கிடைக்காம வெறுங்கையோடு திரும்பப் போறாங்க! இங்கே மீன் இருக்கு, வாய் இல்லை. அங்கே வாய் இருக்கு, மீன் இல்லை. நடுவிலே பதினைந்து கிலோமீட்டர் அறியாமை! (கைதட்டல்)

இதை நேரிலே கணக்கெடுத்தவர் ராபர்ட் ஜென்சன்கிற பொருளாதார அறிஞர். 1996-லிருந்து 2001 வரைக்கும், பதினைந்து கரைகளிலே, முன்னூறு படகுகளை வாராவாரம் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தக் காலத்திலேதான் செல்போன் கோபுரம் ஒவ்வொரு பகுதியா அங்கே வந்தது. மீனவர் என்ன செய்தார்? கடலிலே இருந்தபடியே போன் போட்டு, எந்தக் கரையிலே வாங்க ஆள் இருக்குன்னு கேட்டு, படகை அந்தப் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான்! அதுக்கு முன்னாலே நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு பங்கு மீன் வீணாப் போய்க்கிட்டு இருந்தது. அது ஏறக்குறைய அடியோடு நின்னு போச்சு. மீனவர் லாபம் நூற்றுக்கு எட்டு கூடியது.

தாய்மார்களே, அடுத்த கணக்கு உங்களுக்கு. கடையிலே மீன் விலை ஏறியிருக்கும்னுதானே நினைக்கிறீங்க? நூற்றுக்கு நான்கு குறைஞ்சுது! விற்கிறவனுக்கும் லாபம், வாங்குறவளுக்கும் லாபம். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நாள்லே பிடிச்ச ஒரு சமாசாரம் உலகத்திலே உண்டா? அந்தக் கரையிலே நடந்தது, நடுவர் அவர்களே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இப்ப எதிரணி அம்மா எழுந்து கேட்பாங்க. “விலை தெரிஞ்சா மட்டும் போதுமா? 2023 ஜூலையிலே தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டுச்சே, அதே வருஷம் செப்டம்பர்லே ஆந்திராவிலேயும் மகாராஷ்டிராவிலேயும் அதே தக்காளியை ரோட்டோரம் கொட்டினாங்களே, அப்ப அவங்க கையிலே செல்போன் இல்லையா?” நியாயமான கேள்வி. நான் ஓடி ஒளிய மாட்டேன். இன்னும் ஒரு படி மேலே போய், உங்களுக்கு வேண்டிய ஆதாரத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன். மேற்கு வங்காளத்திலே உருளைக்கிழங்கு விவசாயிகளுக்குத் தினமும் மொத்தச் சந்தை விலையைச் சொல்லிப் பார்த்தாங்க. ஆனா அவங்க கைக்கு வர்ற விலை சராசரியிலே கூடவே இல்லை. ஏன்? அங்கே உள்ளூர் வியாபாரியை விட்டா விற்க வேற வழி இல்லை.

கேரளத்து மீனவர் படகைத் திருப்ப முடிஞ்சுது. வங்காளத்து விவசாயிக்குத் திருப்புறதுக்குப் படகு இல்லை. சரி, இப்ப குறை எங்கே இருக்கு? செல்போன்லேயா? ரோட்டிலே இருக்கு. சந்தையிலே இருக்கு. கிட்டங்கியிலே இருக்கு. அந்தக் குறையைப் பட்டப்பகல்லே காட்டிக் கொடுத்ததே இந்தக் கருவிதான். முன்னாலே ஏமாந்தோம், ஏமாந்ததே தெரியலை. இன்னிக்கு எத்தனை ரூபாய் ஏமாந்தோம்னு சீட்டைக் கையிலே வெச்சுக்கிட்டுக் கேட்க முடியுது. கேள்வி கேட்கத் தெரிஞ்ச விவசாயி பாதி ஜெயிச்ச விவசாயி! (கைதட்டல்)

அந்தப் பாதை திறக்கவும் ஆரம்பிச்சிருக்கு. 2016 ஏப்ரல்லே இருபத்தொரு சந்தைகளோட ‘இ-நாம்’கிற தேசிய மின்னணுச் சந்தை தொடங்கினது. இப்ப 1,300 சந்தைகளுக்கும் மேலே அதிலே சேர்ந்திருக்கு. நம்ம தமிழ்நாட்டிலே 2018-லே ‘உழவன்’ செயலி வந்தது. மானியம் என்ன, சந்தை விலை என்ன, வானிலை என்ன, எல்லாம் தமிழிலே. எங்க அப்பா இப்ப வேனுக்குச் சொல்றதுக்கு முன்னாலே இரண்டு சந்தை விலையைப் பார்க்கிறார். சில நாள் அதே கமிஷன் மண்டிக்குத்தான் அனுப்புறார். ஆனா தெரிஞ்சு அனுப்புறார். அந்த ‘தெரிஞ்சு’ங்கிற வார்த்தைக்கு எத்தனை பெட்டி தக்காளி ஈடு, சொல்லுங்க!

இரண்டாவது, வானம்.

எதிரணி அண்ணன் சொன்னார். “எங்க தாத்தா தும்பி தாழப் பறந்தா மழைன்னு சொல்லுவார், தட்டாம பெய்யும்” என்றார். அண்ணே, அந்தத் தாத்தாவுக்கு என் வணக்கம். ஆனா தாத்தா கற்றுக்கொண்ட வானம் வேற, இன்னிக்கு நம்ம தலைக்கு மேலே இருக்கிற வானம் வேற! காவிரி டெல்டாவிலே சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், ஜூன் 12 மேட்டூர் திறக்கிற நாள்னு. அந்த நாளை நம்பித்தான் குறுவை. ஆனா 2012-லிருந்து 2019 வரைக்கும், தொடர்ந்து எட்டு வருஷம், அந்தத் தேதியிலே தண்ணீர் திறக்க முடியலை. 2022-லே மே 24-லேயே திறந்தாச்சு. 2024-லே ஜூலை 28. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ன்னு பழமொழி சொல்லுது. இப்ப பட்டத்தையே தேட வேண்டியிருக்கே! (கைதட்டல்)

வானம் பேச்சை மாற்றும்போது பழைய அகராதி உதவாது. செவ்வாய், வெள்ளின்னு வாரம் இரண்டு முறை வானிலைத் துறை வேளாண் ஆலோசனை தருது. 2019-லே வந்த ‘மேகதூத்’ செயலியிலே அதைப் பார்க்கலாம். அடுத்த ஐந்து நாள் மழை எப்படி, இன்னிக்கு மருந்து அடிக்கலாமா, உரம் போடலாமாங்கிற யோசனை இருக்கும். சில நாள் தப்பும். தப்பாத ஜோசியர் யார்? ஆனா ஆயிரக்கணக்கிலே காசு போட்டு உரம் போட்ட மறுநாள் மழை வந்து அடிச்சுக்கிட்டுப் போறதை, பத்திலே நாலு தடவை தடுத்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அது நகையை அடகு வைக்காத நாலு தடவை! (கைதட்டல்)

அனுபவத்துக்கு அறவே தெரியாத ஒண்ணு வந்தது. 2004 டிசம்பர் 26. தலைமுறை தலைமுறையாக் கடலைப் படிச்சவங்களுக்கே அதுக்குப் பேர் தெரியாது. புதுச்சேரி பக்கத்திலே நல்லவாடுங்கிற மீனவ கிராமம். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கிராம அறிவு மையம் வெச்சிருந்தது. அலை எவ்வளவு உயரம்னு கம்ப்யூட்டர்லே பார்த்து ஒலிபெருக்கியிலே சொல்ற மையம். அன்னிக்குச் சிங்கப்பூர்லே வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சேதி தெரிஞ்சு வீட்டுக்கு போன் போட்டார். சேதி மையத்துக்கு ஓடினது. ஒலிபெருக்கியிலே “எல்லோரும் கரையை விட்டு ஓடுங்க!”ன்னு சொன்னாங்க. வீடு போச்சு, படகு போச்சு. ஊர் ஜனம் உயிர் பிழைச்சது! ஒரு போனும் ஒரு ஒலிபெருக்கியும் செய்த வேலை அது. (நீண்ட கைதட்டல்)

மூணாவது, கரண்ட்.

கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எப்ப வரும்? ஊர் தூங்கும்போது வரும். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோட வரப்பிலே நடந்து போய் மோட்டார் போட்டவங்க இந்த அரங்கத்திலே எத்தனை பேர் இருக்கீங்க? கையைத் தூக்குங்க... பாருங்க நடுவர் அவர்களே! பாம்புக்கு யார் பண்ணையார், யார் குத்தகைக்காரர்னு தெரியுமா? புனேயைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் இதே கஷ்டத்தைத் தன் தாத்தாகிட்டே பார்த்தார். போன் மூலமா மோட்டாரைப் போட்டு நிறுத்துற ‘நானோ கணேஷ்’ கருவியைச் செய்தார். இன்னிக்கு நம்ம ஊர்லேயும் மொபைல் ஸ்டார்ட்டர்னு கேட்டா கடையிலே எடுத்துக் கொடுக்கிறான். படுத்த இடத்திலிருந்தே மோட்டார் ஓடுது. இதிலே மிச்சமாகிறது தண்ணீர் மட்டுமில்லை. ராத்திரி முழுக்க வாசலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கிற ஒரு மனைவியோட பயம் மிச்சமாகுது! (கைதட்டல்)

நடுவர்: சில வீட்டுலே ‘மோட்டார் போடப் போறேன்’னு சொல்லிட்டு வெளியே போற வசதி போச்சேம்மா! (பலத்த சிரிப்பு)

அந்த வசதியை நிறுத்தினதுக்கே எங்க அணிக்குத் தீர்ப்பு தரலாம் ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு வாதம் வெச்சார். “அனுபவத்தை அழிக்கத்தான் இந்தக் கருவி வந்திருக்கு” என்றார். நான் சொல்றேன், அனுபவத்தைச் சாகாம காப்பாத்த வந்திருக்கு! 2006-லே பெங்களூர்லே ‘டிஜிட்டல் கிரீன்’னு ஒரு முயற்சி ஆரம்பிச்சாங்க. பெரிய விஞ்ஞானியைக் கொண்டு வந்து பேச வைக்கலை. நல்லா விளைவிக்கிற உள்ளூர் விவசாயியையே அவர் வயல்லே நிற்க வெச்சுப் படம் பிடிச்சு, ஊர் ஊராப் போட்டுக் காட்டினாங்க. பக்கத்திலே உள்ளூர் ஆள் ஒருத்தர் நின்னு, படத்தை நிறுத்தி நிறுத்திப் பேசினார். பதினாறு கிராமத்திலே பதின்மூணு மாதம் சோதனை. பாதி ஊர்லே இந்த முறை, பாதி ஊர்லே அதிகாரி வந்து சொல்லிட்டுப் போற பழைய முறை. படம் பார்த்த ஊர்கள்லே சில நல்ல பழக்கங்களை ஏத்துக்கிட்டது ஏழு மடங்கு அதிகம்!

படம் பார்த்த ஜனங்க முதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா? “இவர் பேர் என்ன? எந்த ஊர்?” தன்னைப் போல ஒருத்தன் சொன்னா நம்பிக்கை வருது. எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கண்ணை மூடினா, அறுபது வருஷ வேளாண்மை அவரோட சுடுகாட்டுக்குப் போயிடும். அந்த அனுபவம் பத்து நிமிஷப் படமா இருந்தா பத்து தலைமுறைக்கு இருக்கும். அனுபவத்துக்கு நாங்க எதிரி இல்லை ஐயா, அதுக்கு வாகனம்! (பலத்த கைதட்டல்)

கடைசியா, நெஞ்சைத் தொட்டு ஒரு விஷயம். இந்தக் கருவி எல்லோர் கையிலேயும் இருக்கான்னு கேட்டா, இல்லை. 2019-லிருந்து 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலே, 15 முதல் 49 வயதுக்குள்ளே இன்டர்நெட்டை ஒரு தடவையாவது பயன்படுத்தின ஆண்கள் நூற்றுக்கு 57. பெண்கள் 33. எங்க வீட்டையே சொல்றேன். போன் அப்பா பையிலே. பாஸ்வேர்டு தம்பி மூளையிலே. வயல் மட்டும் அம்மா தலையிலே! (சிரிப்பு, பலத்த கைதட்டல்) நாற்று நடுறது அவ, களை எடுக்கிறது அவ, பூச்சி விழுந்ததை முதல்ல பார்க்கிறது அவ. அந்தத் தகவல் போய்ச் சேர வேண்டிய இடம் அவ கை இல்லையா?

“அப்ப செல்போன் தோத்துப் போச்சே”ன்னு எதிரணி துள்ளக் கூடாது. பசி தீராத வீட்டைக் காட்டி, சோறு கெட்டதுன்னு யாராவது சொல்லுவாங்களா? இன்னும் பரிமாறலைன்னுதான் அர்த்தம்! விலை உயர்ந்த போன்கூட வேண்டாம். சாதாரணப் பட்டன் போன்லே 1800-180-1551-ன்னு கூப்பிட்டா, 2004-லிருந்து நடக்கிற கிசான் கால் சென்டர்லே காசில்லாம, நம்ம மொழியிலேயே பதில் சொல்றாங்க. வீட்டிலே இருக்கிற தாய்மார்களே, இந்த நம்பரைச் சமையல்கட்டுச் சுவரிலே எழுதி வைங்க. வீட்டுக்காரர் பார்க்கட்டும். அப்புறம் நீங்களே கூப்பிடுங்க!

நிறைவாக, நடுவர் அவர்களே. இந்த நாட்டிலே 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி சாகுபடிக் கைப்பற்றுகள் பதினாலு கோடிக்கு மேலே. அதிலே நூற்றுக்கு 86, ஐந்து ஏக்கருக்கும் குறைவு. இவங்களுக்குச் சந்தையிலே போய் உட்கார ஒரு குமாஸ்தா கிடையாது. வானத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு விஞ்ஞானி கிடையாது. ஆபீஸ் ஆபீஸா ஏற ஒரு வக்கீல் கிடையாது. பெரிய பண்ணைக்காரனுக்கு எல்லாம் எப்பவும் இருந்தது. சின்ன விவசாயிக்கு அந்த மூணு பேரும் சேர்ந்து முதல் தடவையா ஒரு சட்டைப் பைக்குள்ளே வந்திருக்காங்க.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ன்னு ஒரு பழமொழி வெச்சிருக்கோம். இது தலைமுறை அனுபவம் கொடுத்த பழமொழி. இதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கணக்குப் பார்க்க விடலை. அவன் பார்க்காத கணக்கை மற்றவன் பார்த்தான். மிச்சத்தையும் மற்றவன் எடுத்துக்கிட்டான். இன்னிக்கு உழுதவன் கணக்குப் பார்க்க ஆரம்பிச்சிருக்கான். எந்தச் சந்தை, என்ன விலை, என்ன மழை, எனக்கு வர வேண்டிய மானியம் எங்கேன்னு விரல் நுனியிலே பார்க்கிறான். அந்த உழக்கு அவன் வீட்டுப் பானையிலேயே விழணும்னா, வரப்புக்கு உள்ளே அவன் அனுபவம் இருக்கட்டும். வரப்புக்கு வெளியே அவனோடு கூட நடக்கிறது கைபேசித் தொழில்நுட்பமே என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)